ஒயின் பாட்டிலில் முனியாயி

கொல்லிமலை ஆலத்தூர் நாட்டில் மிளகு போட்டிருக்கிறவர்களில் முனியாயியைக் கூப்பிடாதவர்கள் குறைவு. கொடி மரத்தை விட்டு விலகித் தொங்கினாலும், காப்பிச் செடி காய்க்காமல் தழைத்துக்கொண்டே போனாலும் அவளுக்குத்தான் ஆள் போகும். வருவாள். செடியைச் சுற்றி ஒருமுறை நடப்பாள். உடனே தொட மாட்டாள். அப்புறம் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து மூன்றோ நான்கோ வெட்டு வெட்டிவிட்டுக் கிளம்பிவிடுவாள். இந்த மூன்று வெட்டுக்கா இவ்வளவு நேரம் நின்றாள் என்று தோட்டக்காரருக்குத் தோன்றும். அடுத்த வருசத்துக் காய்ப்பைப் பார்த்த பிறகு தோன்றாது.

அவள் புருசன் அசோக்குக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவன் போர்வெல் லாரியில் போய்க்கொண்டிருந்தவன். ஆந்திரா, சத்தீஸ்கர் என்று ஆறு மாதம் வண்டியோடு சுற்றுவான். வந்தால் இரண்டு மாதம் வீட்டில் படுத்துக் கிடப்பான். தோட்டம் அவனுக்கும் அவன் அண்ணன் பொன்னனுக்கும் பொதுவில் இருந்தது. பாடுபட்டது முனியாயி. குழந்தை இல்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டதும் இல்லை.

2018-இல் சேந்தமங்கலத்து ஏஜெண்ட் ஒருவர், இத்தாலிக்குத் திராட்சை அறுக்க ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னார். அசோக் அன்றைக்கே முடிவு செய்துவிட்டான்.

“திராட்சை பறிக்கிறதுக்கு அத்தன தூரம் போகோணுங்களா?” என்று கேட்டாள் முனியாயி.

“அது திங்கற திராட்சை இல்ல முனியா. ஒயினுக்கு.”

“ஒயினா? நம்ம கீழ்நாட்டுக் கடையில விக்கிற சரக்குங்களா?”

அசோக் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்போடுதான் மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கிப் போனான்.

இத்தாலியின் வடமேற்கு மூலையில் லாங்கே என்று ஒரு குன்றுப் பிரதேசம் இருக்கிறது. அடுக்கடுக்காகக் குன்றுகள், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சின்ன ஊர், சரிவு முழுவதும் சீப்பால் வாரிவிட்டது மாதிரித் திராட்சை வரிசைகள். தலைமுறை தலைமுறையாக அங்கே அந்த ஒரு பயிர்தான். அங்கே ஜோவானா என்கிற வயதான அம்மாளின் தோட்டத்தில் அசோக்குக்கு வேலை அமைந்தது. முதல் இரண்டு வருசம் அறுவடை மட்டும். கொரோனா வந்து வெளியாட்கள் வர முடியாமல் போனபோது, கையில் இருந்த ஆளை வைத்துச் சமாளிக்க வேண்டிய நிலை அந்த அம்மாளுக்கு. அசோக்கின் கையில் கத்தரியைக் கொடுத்து, குளிர்காலக் கவாத்துக்கு அனுப்பிவிட்டார்.

அன்றைக்கு மாலை நான்கரை மணிக்கு முனியாயிக்குப் போன் வந்தது. ஒரு மணி அடித்ததோடு அறுந்துவிட்டது; வீட்டில் சிக்னல் நிற்காது. சோளக்காட்டுச் சாலைத் திருப்பத்தில் ஒரு பாறை மேல் ஏறி நின்றால்தான் கிடைக்கும். அவள் அங்கே போய்த் திரும்பக் கூப்பிட்டாள். அங்கே அவனுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

“முனியா, எத வெட்டறது, எத விடறதுன்னு ஒன்னும் புரியல. அறுவது வருசத்துச் செடியாம். தப்பா வெட்டுனா நாளைக்கு வேலைக்கே வராதன்னுருவாங்க.”

“வெட்டாதீங்க. மொதல்ல எனக்குக் காட்டுங்க.”

அவன் போனைத் திருப்பினான். இலையெல்லாம் உதிர்ந்து, கறுத்து முறுக்கிக்கொண்டு நின்ற ஒரு மொட்டைக் கொடி. பின்னால் வெள்ளையாகப் பனி. முனியாயி வெகுநேரம் பார்த்தாள்.

“அந்த எடது கையாட்டம் நீண்டிருக்கற கெளைய விட்டுருங்க. வலப்பக்கத்துல ஏற்கெனவே வெட்டுன தழும்பு இருக்குதுல்ல, அந்தப் பக்கமே வெட்டுங்க. தண்ணி ஏர்ற பக்கத்துல கத்தரி வெக்காதீங்க. ஒட்டவும் வெட்டாதீங்க. ஒரு விரக்கட அளவுக்குக் குச்சிய விடுங்க, காயறது அதோட நின்னுக்கும்.”

காப்பிச் செடியில் அவள் பத்து வருசமாகச் செய்ததுதான் அது. அன்றைக்கு அவள் நாற்பது கொடி பார்த்தாள். மறுநாள் அறுபது. அப்புறம் அவன் போனைச் சட்டைப் பையில் வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி வைத்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தான். இவள் பாறையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தாள். பேருந்தில் போகிறவர்கள், முனியாயி தினமும் பாறைமேல் உட்கார்ந்து யாரையோ அதட்டுகிறாள் என்று பேசிக்கொண்டார்கள்.

இப்படியே வருசங்கள் போயின. நேரில் பார்க்காத அந்தத் தோட்டம் முனியாயிக்கு மனப்பாடமாயிற்று. ஒன்பதாவது வரிசையில் கல்சுவர் இடிந்திருக்கும். பதினான்காவது வரிசை முடிகிற இடத்தில் ஒரு வாதுமை மரம். மூன்று சாதித் திராட்சை. டோல்செட்டோ முதலில் பழுக்கும், பார்பேரா அடுத்து. கடைசியில் நெபியோலோ, ஐப்பசியில் மூடுபனி இறங்கின பிறகுதான் மனசு வைக்கும். முனியாயி அதற்குப் ‘பிடிவாதக்காரி’ என்று பெயர் வைத்திருந்தாள். “பிடிவாதக்காரி பூத்துட்டாளா?” என்று கேட்பாள். சித்திரையில் கொடியைக் கம்பியில் கட்டுவதற்கு அங்கே சிலர் இன்னும் ஒருவகை மரக்குச்சியையே வளைத்து முடிச்சுப் போடுகிறார்கள் என்று அசோக் காட்டியபோது, அவளுக்கு ஏற்பட்ட சந்தோசத்துக்கு அளவில்லை. அன்று முழுக்க மிளகுக் கொடியில் அதேபோல் முடிச்சுப் போட்டுப் பார்த்தாள்.

ஒரு ஆடி மாதத்தில் லாங்கேயில் ஆலங்கட்டி மழை கொட்டி, பாதித் தோட்டம் கிழிந்து போனது. அசோக் போனில் காட்டிக்கொண்டே வந்தான். இரண்டு நாள் முனியாயிக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், கிழிந்த தளிரை எங்கே நறுக்கினால் மறுதளிர் வரும் என்று சொன்னாள். வந்தது.

பட்டுப்போகிற கொடிகள் அந்தத் தோட்டத்தில் வருசா வருசம் குறைந்தன. ஜோவானா அம்மாள் அசோக்கைக் கவாத்துக்கு மேஸ்திரி ஆக்கினார். நிரந்தரமாக இருக்கக் காகிதமும் வாங்கிக் கொடுத்தார்.

“அந்தம்மாவ ஒரு நாளு காட்டுங்க, கும்புடு போட்டுக்கறேன்,” என்பாள் முனியாயி.

“வேல நேரத்துல போன்னா அவங்களுக்குப் புடிக்காது முனியா.”

அவள் நம்பினாள். மற்ற ஆட்களும் ஒருநாளும் போனில் தெரிந்ததில்லை. அவன் கூட்டமில்லாத வரிசையாகப் பார்த்து நடக்கிறான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. 2022 தைப் பொங்கலுக்கு ஒரே ஒரு தடவை வந்தான். இருபது நாள் இருந்தான். ஊரே வந்து சாக்லேட் வாங்கிக்கொண்டு போனது. முனியாயி தினம் ஒரு கறி வைத்தாள். அடுத்த தடவை அவளையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னான்.

2024 வைகாசியில் அவனிடமிருந்து இரண்டு வாரம் போன் வரவில்லை. கொடி பூக்கிற சமயம். முனியாயிக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாமக்கல்லில் நர்சிங் படிக்கிற அக்காள் மகள் ரஞ்சிதா லீவுக்கு வந்திருந்தாள். அவளிடம் கேட்டாள்.

“கண்ணு, அந்தத் தோட்டம் நெட்டுல வருமா? பூ எப்படி நிக்குதுன்னு பாக்கோணும்.”

ரஞ்சிதா பாறைமேல் நின்று தேடினாள். தோட்டத்தின் இணையப் பக்கம் வந்தது. பூ தெரியவில்லை. ஆனால் புதிதாக வந்த ஒரு ஒயின் பாட்டிலின் படம் இருந்தது. கறுப்புப் பாட்டில், வெள்ளைச் சீட்டு, சீட்டில் ஒரு வளைந்த கொடி, அதன் கீழே பெரிய எழுத்தில் ஒரு பெயர். ரஞ்சிதா எழுத்துக் கூட்டிப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

“சின்னம்மா! முனியாயின்னு போட்டிருக்குது! உங்க பேருதான் சின்னம்மா!”

முனியாயிக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. இருந்தாலும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. போன் பண்ணாமல் இருந்தது இதற்காகத்தான், தன்னைத் திகைக்க வைக்கத்தான் என்று நினைத்தாள். அன்றைக்கே செம்மேட்டுக்குப் போய் லட்டு வாங்கி வந்து வீடு வீடாகக் கொடுத்தாள். டீக்கடையில், “நம்ம முனியாயி இப்ப ஒயின் ஆயிட்டா” என்று ஒருவர் கிண்டல் செய்ததற்கும் சேர்ந்து சிரித்தாள். பொன்னன் வீட்டுக்கும் கொண்டு போனாள்.

“மாமா, உங்க தம்பி என் பேர ஒயினுக்கு வெச்சிருக்கறாருங்க!”

பொன்னன் லட்டைக் கையில் வாங்கினார். தின்னவில்லை. “அப்படியா,” என்று மட்டும் சொல்லிவிட்டு, மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டார். வயசான காலத்தில் அவருக்கு என்ன பொறாமையோ என்று முனியாயி நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் ரஞ்சிதா விடுதிக்குத் திரும்பினாள். அதற்கு அடுத்த நாளே, காலை முதல் பேருந்தில் மறுபடியும் வந்து இறங்கினாள். கண் கலங்கியிருந்தது.

“என்ன சாமி, உடம்பு கிடம்பு சரியில்லயா?”

“சின்னம்மா, அந்தப் பாட்டில்ல பின்னாடி ஒரு சீட்டு இருக்குது. அத நேத்துப் பெருசாக்கிப் பாத்தேன். இத்தாலில எழுதியிருக்குது. போன்லயே தமிழுக்கு மாத்திப் பாத்தேன். தப்பா மாத்திருச்சோன்னு இங்கிலீஷ்லயும் பாத்தேன்.”

“அதுக்கு எதுக்கு அழுவற? படி.”

ரஞ்சிதா படித்தாள். கொல்லிமலையில் பிறந்து, சின்ன வயதிலேயே இறந்துபோன முனியாயிக்கு. கொடியை நோகாமல் வெட்டுகிற விதத்தை அவள் தன் கணவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவர் அதை எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். இந்த ஒயின் அவள் நினைவுக்கு.

முனியாயி இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். பிறகு, “செத்துப்போனன்னா எழுதியிருக்குது?” என்று கேட்டாள். ரஞ்சிதா தலையாட்டினாள்.

மத்தியானம் வரை முனியாயி ஒரு வேலையும் செய்யவில்லை. மூன்றரைக்குப் பாறைக்குப் போனாள். அசோக் எடுக்கவில்லை. ரஞ்சிதாவின் போனிலிருந்து கூப்பிட்டதும் எடுத்தான்.

“நான் முனியாயி பேசறனுங்க. செத்துப்போன முனியாயி.”

அந்தப் பக்கம் எங்கோ டிராக்டர் ஓடுவது கேட்டது.

“முனியா, அது யாவாரத்துக்காகப் போட்டது. இங்க ஒரு கதை இருந்தாத்தான் பாட்டில் விக்கும்.”

“யாவாரத்துக்கு உசிரோட இருக்கறவ ஆக மாட்டாளாங்க?”

“நீ சொல்லிக்குடுத்த மாதிரித்தான் வெட்டறேன்னு அந்தம்மாகிட்ட உண்மையச் சொன்னேன் முனியா. அத மறைக்கல. அப்ப அவங்க, உம் பொண்டாட்டிய வரச்சொல்லு, இங்கயே வேல தாரேன்னாங்க. அப்பத்தான்...”

“அப்பத்தான்?”

“வாய்ல வந்திருச்சு. செத்துட்டான்னு.”

“ஏனுங்க வந்துச்சு?”

அந்த நேரத்தில் போனில் ஒரு குழந்தையின் குரல் கேட்டது. ஒரு பெண் அதற்கு ஏதோ சமாதானம் சொன்னாள். பக்கத்திலேயே நின்று சொல்கிற மாதிரி இருந்தது.

“அது யாரு?” என்றாள் முனியாயி.

பாட்டிலில் ஒயின் ரொப்புகிற இடத்தில் வேலை பார்க்கிற தோரினா என்கிற ருமேனியாக்காரி. மூன்று வருசமாக அவளோடுதான் இருக்கிறான். குழந்தைக்கு இரண்டு வயசு. ஒவ்வொன்றாக அவள் கேட்கக் கேட்கத்தான் சொன்னான். கேட்காத எதையும் சொல்லவில்லை.

“மூனு வருசமா? அந்த மூனு வருசமும் எங்கிட்டக் கேட்டுக் கேட்டுத்தான வெட்டுன? ஆலங்கட்டி விழுந்தப்ப நான் ரெண்டு நாளு சோறு திங்காமக் கெடந்தனே, அப்பவும் அவ உம்பக்கத்துல இருந்தாளா?”

கல்யாணமானதிலிருந்து அவனை அவள் ‘நீ’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு வேறு மாதிரிச் சொல்லவும் இல்லை.

பாறையிலிருந்து இறங்கி நேராகப் பொன்னன் வீட்டுக்குப் போனாள். லட்டைத் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற காரணம் வழியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“மாமா, உங்களுக்கு எப்ப தெரியும்?”

பொன்னன் தரையைப் பார்த்தார். “ரெண்டு வருசம் ஆச்சு. பொங்கலுக்கு வந்தப்பவே சொன்னான்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலீங்களே.”

“சொன்னா நீ இந்தத் தோட்டத்துல நிப்பயா? மிளக யாரு பாக்கறது?” என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, நியாயம் பேசுகிற மாதிரிதான் சொன்னார்.

புருசன் சொன்னதைவிட இதுதான் முனியாயியை உட்கார வைத்துவிட்டது. அவர் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அங்கே தான் செத்துப்போனவள், இங்கே கூலி கேட்காத ஆள். இரண்டு பேருக்கும் தன் கைமட்டும் வேண்டியிருந்தது என்று அவளுக்குத் தோன்றியது.

அடுத்த வாரம் ரஞ்சிதா அவளை மிளகுக் கொடிக்குப் பக்கத்தில் நிறுத்தி வீடியோ எடுத்தாள். முனியாயி போனை நேராகப் பார்த்துப் பேசினாள். “ஜோவானாம்மாவுக்குக் கும்புடுங்க. நான்தான் முனியாயி. உசிரோட இருக்கறேன். உங்க தோட்டத்துல ஒம்பதாவது வரிசைல செவுரு இடிஞ்ச எடத்துல நிக்கிற கொடிக்கு எடது கைய விடச்சொன்னது நான். பதினாலாவது வரிசை வாதுமை மரத்து நெழலு விழற மூனு கொடிய ஒரு வாரம் தள்ளி வெட்டச்சொன்னதும் நான். எம்பேர நீங்க எடுத்துருங்க.” ரஞ்சிதா அதை இத்தாலிய மொழிக்கு மாற்றி எழுதி, வீடியோவோடு தோட்டத்து முகவரிக்கு அனுப்பினாள்.

பதினொரு நாள் கழித்துப் பதில் வந்தது. ஜோவானா அம்மாளே எழுதியிருந்தார். ‘வீடியோவைப் பார்த்துவிட்டு நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இறந்தவர்களை நினைக்கிற நாளில், மூன்று வருசமாக உனக்காகக் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறேன். 2022 ஜனவரியில் உன் முதல் வருசச் சடங்குக்குப் போக வேண்டும் என்று அவர் கேட்டார். நான்தான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன்.’

ரஞ்சிதா அந்த இடத்தில் நிறுத்தினாள். முனியாயி கையைக் காட்டி, மேலே படி என்றாள். தினம் ஒரு கறி வைத்த அந்த இருபது நாளும் அவள் கண்முன் வந்துபோயின. சாக்லேட் வாங்க வந்த ஒவ்வொரு முகமும் வந்துபோயிற்று.

கடிதம் இன்னும் கொஞ்சம் இருந்தது. இருக்கிற பாட்டில்கள் பெரும்பாலும் விற்றுவிட்டன, திரும்ப வாங்க முடியாது. அடுத்த வருசம் பெயர் இருக்காது. மிகவும் வருந்துகிறேன். அசோக் செய்தது பெரிய தப்பு. ஆனால் அவரை வேலையை விட்டு அனுப்ப என்னால் முடியவில்லை. அவருடைய கை இந்தத் தோட்டத்துக்குத் தேவைப்படுகிறது.

“யாரோட கை?” என்றாள் முனியாயி.

ரஞ்சிதாவுக்கு அழுகை வந்துவிட்டது. பதில் எழுதட்டுமா என்று கேட்டாள். முனியாயி வேண்டாம் என்றுவிட்டாள்.

ஆடி முடிந்ததும் அவள் ஊர் வழக்கைத் தீர்க்கிற ஊர்க்கவுண்டரிடம் போனாள். பெரியவர்கள் ஐந்து பேர் கூடினார்கள். அசோக்கைப் போனில் கூப்பிட்டார்கள், எடுக்கவில்லை. பொன்னன் மட்டும் வந்தார். தோட்டம் தங்கள் அப்பன் சொத்து, கொடுக்க முடியாது என்றார்.

“நான் நெலத்தக் கேக்கலீங்க. அதுல இருக்கற மிளகு அத்தனையும் நான் வெச்சது. அதத்தான் கேக்கறேன். அப்புறம், இந்தக் கல்யாணம் முடிஞ்சதுன்னு உங்க வாயால சொல்லோணும். நான் செத்து முடியக்கூடாது, சொல்லி முடியோணும்,” என்றாள் முனியாயி.

கல்யாணம் அன்றைக்கே முறிந்ததாகச் சொல்லிவிட்டார்கள். மிளகு விசயத்தில் இழுபறியாகி, கடைசியில் மூன்று வருசக் காய்ப்பு முனியாயிக்கு, அதற்கப்புறம் பொன்னனுக்கு என்று ஆயிற்று. அது நியாயம் இல்லை என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். வெளியே வந்தபிறகு இரண்டு பேர் அவளிடம் தனியாக அப்படிச் சொல்லவும் செய்தார்கள். உள்ளே ஒருவரும் சொல்லவில்லை. முனியாயி பைல் நாட்டில் தன் அக்காள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீட்டுக்குக் குடி போனாள். கூப்பிட்ட தோட்டங்களுக்குப் போய்க் கவாத்து பார்த்தாள். இப்போது அதற்குக் கூலி கேட்டு வாங்கினாள்.

தை பிறந்து, மிளகு சிவக்க ஆரம்பித்த சமயம். முனியாயி மூங்கில் ஏணியில் ஏறிச் சரம் பறித்துக்கொண்டிருந்தாள். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. அந்தச் சரிவில் கொஞ்சம் சிக்னல் உண்டு. எடுத்தாள்.

“முனியா, வெச்சராத. ஒரே ஒரு நிமிசம்,” என்றான் அசோக். குரல் பதறியது. “ஒம்பதாவது வரிசைல, செவுத்தோரம் நிக்குதே, அந்தப் பெரிய கொடி. வெட்டுனா உள்ள கறுப்பா வளையம் வளையமா இருக்குது. இந்த வரிசையில நாலு கொடி அப்படி இருக்குது. அந்தம்மா எம்மூஞ்சியப் பாத்துக்கிட்டே நிக்கறாங்க. எங்க வெட்டோணும்னு மட்டும் சொல்லு.”

கறுப்பு எங்கே முடிகிறதோ அங்கே வரைக்கும் கீழே போக வேண்டும். பயப்படாமல் தண்டையே அறுத்துவிட்டு, அடியிலிருந்து வருகிற புதுத் தளிரை ஏற்றிக் கட்ட வேண்டும். இதெல்லாம் அவன் சொல்லி முடிக்கும் முன்பே அவளுக்கு ஓடிவிட்டது. வாய் வரைக்கும் வந்தும்விட்டது.

“செத்தவகிட்ட எதுக்குக் கேக்கற?” என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தாள்.

ஏணியிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். அவன் தோட்டத்தில் நின்று திண்டாடுவது அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. அந்த அம்மாள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் ஒன்றும் செய்யவில்லை. கொடியை நினைத்தால்தான் பொறுக்க முடியவில்லை. அது யாருக்கும் துரோகம் செய்யவில்லை. இரண்டு நாள் கழித்து, போன் செய்த ரஞ்சிதாவிடம் நடந்ததைச் சொன்னாள். ரஞ்சிதா, “ஜோவானாம்மாவுக்கு நேரா எழுதிப் போட்டரலாமா சின்னம்மா?” என்று கேட்டாள்.

“வேண்டாங் கண்ணு. எழுதுனா அதையும் அவன் கைவேலைன்னுதான் சொல்லுவாங்க,” என்றாள் முனியாயி.

அதற்குப் பிறகு அசோக் கூப்பிடவில்லை. அந்தக் கொடி பிழைத்ததா, பட்டுப்போனதா என்று முனியாயிக்கு இன்றுவரை தெரியாது.